கோபுரக்காரர் வெசல்

தான் கட்டிய ஏழாவது தேவாலயத்தின் பிரதிஷ்டை நாளன்று லுடோல்ஃப் வெசல் வேண்டுமென்றே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முன்வரிசையில் மேயருக்குப் பக்கத்தில் அவருக்கென்று நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். சளிபிடித்திருக்கிறது, இருமி ஆராதனையைக் கெடுத்துவிடுவேன் என்று பொய் சொல்லித் தப்பித்தார். மனைவி அடல்ஹைட் மட்டும் கூட வந்தாள்.

போதகர் பிரசங்க மேடையில் ஏறினார். வாயைத் திறந்தார். சத்தம் மேலே போனது, கூர்வளைவுக் கூரையில் முட்டியது, தூண் தூணாகச் சுற்றிவிட்டுக் கடைசி பெஞ்சுக்கு வந்து சேர்ந்தபோது அதில் சொல் என்று எதுவும் மிச்சமில்லை.

"என்ன சொல்றார்?" என்று அடல்ஹைட் காதோரம் கேட்டாள்.

"கிருபைன்னு ஏதோ."

"அது தெரியுது. அந்தப் 'பை' மட்டும் மூணு தடவை வந்துச்சு. மத்ததெல்லாம் எங்க போச்சு?"

வெசல் சுற்றிலும் பார்த்தார். தோல் பதனிடும் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் தொப்பி நாடாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அதே தோல்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐயா, கோபுரம் பிரமாதம்! பக்கத்து ஊர்க்காரன் வயிறு எரியுது" என்றார்.

அந்தச் சிற்றரசின் தலைநகரான லின்டன்ஹாகனிலும் அதைச் சுற்றியிருந்த ஊர்களிலும் அவருக்குக் கோபுரக்காரர் என்றுதான் பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பல்லில் கல் கடிபட்டதுபோல் இருக்கும்.

கூர்வளைவு அவருக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். செங்கல் மேல் செங்கலாக ஏறி உச்சியில் இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தை வரையும்போது இன்றைக்கும் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஆனால் தேவாலயத்துக்கு ஜனங்கள் வருவது கேட்பதற்காக. முன்னூறு வருஷத்துக்கு முந்திய ஆட்களுக்காகக் கட்டிய நீள மண்டபத்தையே இன்றும் கட்டினால் எப்படிக் கேட்கும்? அந்த மண்டபத்தில் பாட்டுப் பாடலாம், ஊர்வலம் போகலாம். பேச முடியாது.

இதை அவர் இருபத்தேழு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார். அகலமான ஒரே கூடம். நடுவே ஒரு தூணும் இல்லை. பெஞ்சுகள் அரைவட்டமாக வளைந்து போதகரைச் சூழ்ந்திருக்கும். எவ்வளவு பின்னால் உட்கார்ந்தாலும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். அந்த வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திருச்சபை மன்றத்துக்குப் போனார். எந்தத் தேவாலயம் கட்டவும் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அங்கே கட்டடங்களுக்குப் பொறுப்பான ஆலோசகர் ப்ரூன்ஸ். வெசலைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஆனால் பிறக்கும்போதே ஆலோசகராகப் பிறந்தவர்போல் இருப்பார்.

ப்ரூன்ஸ் வரைபடத்தை விரித்து, தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராக்கினார்.

"நடுவுல என்ன ஓடும், வெசல்? குதிரையா, போதகரா?"

"ஐயா, எல்லாருக்கும் கேக்கணும்னா..."

"சர்க்கஸ் கூடாரத்துலகூட எல்லாருக்கும் நல்லாத்தான் கேக்கும். விதி என்ன சொல்லுது? நீள மண்டபம், கிழக்கே பீடம், மேற்கே கோபுரம், பிரசங்க மேடை ஓரத்துல. உங்களுக்குக் கோபுரம் அழகா வருது. கடவுள் குடுத்த கை. அதை வச்சுப் பிழைக்கிற வழியைப் பாருங்க."

வெசல் பிழைக்கிற வழியைப் பார்த்தார். அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. முதல் கோபுரம் எழுந்தது. அதைப் பார்த்து இரண்டாவது ஊர்க்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அகலக் கூடத்தை வரைந்து நீட்டுவார். ஒவ்வொரு முறையும் ப்ரூன்ஸ் குதிரையை விசாரிப்பார். பிறகு நீள மண்டபம்தான்.

பிரதிஷ்டை முடிந்து ஒரு வருஷம் ஆவதற்குள் எந்த ஊரிலிருந்தும் கூப்பாடு வந்துவிடும். மூன்றாவது தேவாலயம் ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் ஹோல்ம்ஷ்டெட் என்ற ஊரில் இருந்தது. அங்கே போனபோது கூரையிலிருந்து குதிரைக் கம்பளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. எதிரொலியைக் குறைக்கக் குடியானவர்களே ஏணி வைத்து ஏறிக் கட்டியிருந்தார்கள். அவர் மூச்சைப் பிடித்து வரைந்த வளைவுகளுக்குக் கீழே பழுப்புக் கம்பளிகள், அவற்றில் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஊர்ப் போதகருக்குக் குரலே போய்விட்டிருந்தது. கரகரத்த தொண்டையால் கத்தினார். "உங்க கூரையோட சண்டை போட்டே என் தொண்டை தேஞ்சு போச்சு, ஐயா! பேசாம நீங்களே மேடையில ஏறி அதுகிட்டப் பேசிப் பாருங்களேன். பெத்தவர் சொன்னாலாவது கேக்குதா பாப்போம்!"

வெசல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். விதியை எழுதியது நான் இல்லை என்று சொல்லலாம். ஆனால் வெளிச்சுவரில் கட்டியவர் பெயரென்று செதுக்கியிருந்தது அவர் பெயர்தான்.

யெசன் வந்தது வெசலின் நாற்பத்தைந்தாவது வயதில். மலைமேல் எஷன்டால் கிராமத்தில் காது கேளாதோருக்கான பள்ளி ஒன்று இருந்தது. யெசன் அதன் தலைவர், அங்கேயே போதகரும்கூட. ஒல்லியான மனிதர். முகத்தில் ஒரு முடிகூட இல்லாமல் வழித்திருப்பார்.

"எங்களுக்கு ஆராதனைக்கு ஒரு கட்டடம் வேணும். கோபுரம் வேண்டாம்" என்றார் யெசன்.

"கோபுரம் வேண்டாமா?"

"வேண்டாம். பிள்ளைங்க என் உதட்டைப் பாத்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்கறாங்க. இப்ப சாப்பாட்டு அறையில நடக்குது. முன்னால ரெண்டு வரிசைக்குத்தான் என் வாய் தெரியுது. பின்னால இருக்கறவங்க முன்னால இருக்கறவங்க பின்மண்டையைப் பாத்துட்டு எந்திரிச்சுப் போறாங்க. யாரும் என்னைவிட்டு தூரமா உக்காரக் கூடாது. அப்படி ஒண்ணு கட்ட முடியுமா?"

யாரோ ப்ரூன்ஸுடன் சேர்ந்து தன்னைக் கிண்டல் செய்ய அனுப்பிய ஆளோ என்று வெசல் நினைத்தார்.

"மன்றம் ஒத்துக்காது."

"மன்றத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூடம் கல்வித் துறையோடது. அவங்க சரின்னுட்டாங்க."

அன்று இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னதும் அடல்ஹைட் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இருபது வருஷமா எல்லாருக்கும் கேக்கணும், எல்லாருக்கும் கேக்கணும்னு என் உயிரை எடுத்த. கடைசியில யாரு கிடைச்சாங்க பாரு!"

"சிரிக்காதே."

"சிரிக்கலை, லுடோல்ஃப். சரி, சிரிச்சேன். கட்டு. போய்க் கட்டு. நீ தூக்கத்துலகூட பெஞ்சை வளைச்சுக்கிட்டிருக்கிற ஆளு."

பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டு எஷன்டால் போனார். அதை அப்படியே கட்டிவிடலாம் என்று நினைத்திருந்தார். முடியவில்லை. யெசன் பள்ளியின் வைக்கோல் கிடங்கில் நின்று பேச, ட்ரீனா என்ற பெண் ஒவ்வோர் இடமாக நின்று பார்த்தாள். பழைய மாணவி, அங்கேயே தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் பேசப் பழகியவள், குரல் மட்டும் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே மட்டத்தில் வரும். யெசனுக்குப் பின்னால் கிடங்கின் கதவு திறந்திருந்தது.

"முகம் கரிச்சட்டி மாதிரி இருக்கு. வெளிச்சம் அவர் முதுகுல விழுது. எங்களுக்கு முதுகு எதுக்கு?" என்றாள்.

வெசலின் பழைய வரைபடத்தில் பெரிய ஜன்னல் போதகருக்குப் பின்னால்தான் இருந்தது. அழகாக இருக்கும் என்று வைத்தது. அவர் ட்ரீனாவிடம் திரும்பி, ஜன்னலை மாற்றி உங்கள் பக்கம் வைத்தால் எப்படி இருக்கும் என்று விளக்க ஆரம்பித்தார். அவள் அவர் வாயைக் கூர்ந்து பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு யெசனைப் பார்த்தாள்.

"இவர் பேசறாரா, மெல்றாரா?"

யெசன் வாயைப் பொத்திக்கொண்டார். வெசலின் மீசை அந்த நாட்டில் பிரசித்தம். இரண்டு பக்கமும் தொங்கித் தாடியோடு கலந்து, வாய் என்று ஒன்று இருப்பதையே மறைத்துவிடும்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் புதரை வெட்டினாத்தான் நாம பேச முடியும்" என்றாள் ட்ரீனா.

அன்று கரும்பலகையில் எழுதிக் காட்டிச் சமாளித்தார். மறுவாரம் அடல்ஹைட் கதவைத் திறந்தபோது வாசலில் மழித்த முகத்தோடு ஓர் ஆள் நின்றான்.

"யாருங்க வேணும்? என் வீட்டுக்காரர் வெளியில போயிருக்கார்."

"அடல்ஹைட்!"

"அட, நீதானா! இவ்வளவு சின்ன உதடா உனக்கு? முன்னாடியே தெரிஞ்சிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேனே" என்று சொல்லிவிட்டு அந்த உதட்டில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

கட்டடம் மறுவருஷம் முடிந்தது. அரைவட்டக் கூடம். பெஞ்சுகள் பின்னால் போகப்போகப் படிப்படியாக உயர்ந்தன. போதகருக்குப் பின்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர். பக்கங்களில் பள்ளிக் கட்டடங்கள் ஒட்டிக்கொண்டிருந்ததால் வெளிச்சத்துக்கு இருந்தது மேற்குச் சுவர் ஒன்றுதான். அதில், ஜனங்களின் தலைக்குப் பின்னால் உயரத்தில், சாதாரணச் சதுர ஜன்னல்கள் ஐந்து. பகலின் வெளிச்சமெல்லாம் போதகரின் முகத்தில் வந்து இறங்கியது.

முதல் ஞாயிறு வெசல் வழக்கம்போல் கடைசி பெஞ்சுக்குப் போனார். யெசன் பேசினார். யோனாவை மீன் விழுங்கிய கதை. மீனுக்கு வயிற்றுவலி வந்ததைச் சொல்லி யெசன் முகத்தைக் கோணினார். கூடம் முழுக்க ஒரே நேரத்தில் சிரித்தது. முதல் வரிசைச் சிறுமிகளும் கடைசி வரிசையில் வந்திருந்த பழைய மாணவக் கிழவர்களும் ஒரே நொடியில் சிரித்தார்கள். வெசலுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் கட்டிய எந்தத் தேவாலயத்திலும் கடைசி பெஞ்சு சிரித்து அவர் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் ஈஸ்டர்வரை இருந்தது. பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் சடங்கையும், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தையும் அங்கேயே நடத்த யெசன் நினைத்தார். அதற்குக் கட்டடம் முறைப்படி பிரதிஷ்டை செய்யப்பட்டிருக்க வேண்டும். பிரதிஷ்டை மன்றத்தின் கையில். ப்ரூன்ஸ் நேரிலேயே வந்தார். கூடத்தின் நடுவே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"கடைசியில கட்டியேவிட்டீங்க. குதிரை மட்டும்தான் குறை."

"ஐயா, இங்க உக்காந்து ஒரு பிரசங்கம் பாருங்க. அப்புறம் சொல்லுங்க" என்றார் வெசல்.

"நல்லாத்தான் இருக்கும், நான் இல்லைன்னா சொன்னேன்? கூட்டம் போட நல்ல இடம். தேவாலயம்னு கையெழுத்துப் போடணும்னா மேற்கே ஒரு கோபுரம் வைங்க. உங்களுக்கு அது என்ன பெரிய வேலையா? இடதுகையால வரைவீங்க."

"மேற்கேதான் ஜன்னல் இருக்கு. கோபுரம் வச்சா வெளிச்சம் செத்துப்போகும். அப்புறம் இவங்க எதைப் பாப்பாங்க? கோபுரத்துல மணி வேற. யாருக்கு அடிக்கப் போறீங்க அந்த மணியை?"

"மணி கடவுளுக்கு, வெசல்."

"கடவுளுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்!"

ப்ரூன்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். யெசன் வெசலின் தோளில் கை வைத்தார். கோபுரத்துக்குச் சம்மதித்துவிடலாமா என்று அவர் கண் கேட்டது. வெசல் தலையை ஆட்டினார், முடியாது என்று. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோபுரத்தை மறுத்தார்.

அதனால் விளைந்தது இதுதான். கூடத்தில் ஞாயிறு ஆராதனை நடந்தது. திருவிருந்துக்கு மட்டும் பிள்ளைகள் மலையிறங்கி நடந்து ஹோல்ம்ஷ்டெட்டுக்குப் போனார்கள். வெசல் கட்டிய அதே மூன்றாவது தேவாலயத்துக்கு. அங்கே தூண்களுக்குப் பின்னால் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல், பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்தார்கள். ஒருமுறை அதைப் பார்த்த வெசல் பிறகு அந்த ஊர்ப்பக்கமே போகவில்லை. எஷன்டாலுக்குப் போவதும் குறைந்து, யெசன் இறந்தபின் நின்றே போனது.

அவருக்கு வேலை குறையவில்லை. ஊர்கள் கோபுரம் கேட்டுக்கொண்டே இருந்தன, அவர் கட்டிக்கொண்டே இருந்தார். அகலக் கூடத்தை இப்போது யாரிடமும் நீட்டுவதில்லை. உதவியாளர்களிடம் எரிந்து விழுந்தார். முட்டைக்கோஸில் உப்பில்லை என்று அடல்ஹைட்டிடம் எரிந்து விழுந்தார். "கோஸ்ல என்னடா தப்பு? ப்ரூன்ஸை நினைச்சுக்கிட்டு என் கோஸைத் திட்டாதே" என்பாள் அவள்.

அவருக்கு அறுபத்து மூன்று வயதானபோது காற்று திசை மாறியது. பெரிய நகரங்களில் இளைஞர்கள் புதிதாகப் பேச ஆரம்பித்தார்கள். தேவாலயம் என்பது சபை கூடும் வீடு, போதகர் நடுவில் நிற்க வேண்டும், எல்லாருக்கும் கேட்க வேண்டும், தூண்கள் கூடாது என்றார்கள். ப்ரூன்ஸ் ஓய்வு பெற்றிருந்தார். லின்டன்ஹாகனிலேயே அப்படி ஒரு தேவாலயம் கட்டப் போட்டி அறிவித்தார்கள். வெசல் இருபது வயது குறைந்தவர்போல் மாடிப்படி ஏறினார். அடல்ஹைட் காபி கொண்டுபோய் வைத்தால் ஆறிப்போகும்வரை வரைந்துகொண்டிருந்தார்.

முதல் சுற்றிலேயே அவருடையதைத் தள்ளிவிட்டார்கள்.

நடுவர் குழுத் தலைவரிடம் நேராகப் போனார். ஓல்டர் என்று பெயர். வெசலின் மகன் வயதுகூட இருக்காது. மரியாதையாக நாற்காலி போட்டார்.

"ஐயா, உங்க திட்டத்தைப் பார்த்தோம். நல்ல முயற்சி. ஆனா இது புது சிந்தனை. வெளியில இருந்து பார்த்துட்டு வரைய முடியாது. அதுலயே ஊறியிருக்கணும்."

"நான் முப்பத்தாறு வருஷமா இதுல ஊறியிருக்கேன்."

ஓல்டர் புன்னகைத்தார். "நீங்க கோபுரக்காரர்னு ஊருக்கே தெரியுமே. நேராச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மாணவங்களை உங்க தேவாலயங்களுக்கு நான் கூட்டிட்டுப் போறதுண்டு. எப்படிக் கட்டக்கூடாதுன்னு காட்ட."

வெசல் நாற்காலியை விட்டு எழுந்தார். "எஷன்டால் வாங்க. நாளைக்கே வாங்க. நான் கட்டியிருக்கேன். இவங்கெல்லாம் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கட்டி வச்சிருக்கேன்!"

ஓல்டர் நல்ல மனிதர். வர ஒப்புக்கொண்டார். ரயிலில் வழி முழுக்க வெசல்தான் பேசினார். வெளிச்சம் எப்படி முகத்தில் இறங்கும், பின்வரிசை எப்படிச் சிரிக்கும் என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். நிலையத்தில் இறங்கி மலைப்பாதை திரும்பியதும் பேச்சு நின்றது.

மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தெரிந்தது. செங்கல் கோபுரம். உச்சியில் இரண்டு கோடுகள் சந்தித்தன. அந்தக் கோடுகளை அவருக்குத் தெரியும். அவருடைய முதல் கோபுரத்தின் கோடுகள் அவை.

பள்ளியின் புதிய தலைவர் ஷூர்மன் ஓடி வந்து வரவேற்றார். "ஐயா, நீங்களே வந்துட்டீங்களா! போன வருஷம்தான் முடிஞ்சது. ஆலோசகர் ப்ரூன்ஸ் ஓய்வு பெறறதுக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்தார். இப்ப முறைப்படி தேவாலயம். உங்களைப் பெருமைப்படுத்தணும்னு உங்க கோபுரத்தையே பார்த்துக் கட்டினோம்."

உள்ளே இருட்டாக இருந்தது. கோபுரம் மூன்று ஜன்னல்களை மறைத்திருந்தது. மீதி இரண்டும் கூர்வளைவாக இல்லை, கோபுரத்தோடு பொருந்தவில்லை என்று செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். போதகர் நிற்கும் இடத்தில் இரண்டு பக்கமும் எண்ணெய் விளக்குகள்.

ஓல்டர் சிறிது நேரம் கூடத்தையும் வெசலின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தக் கோபுரம் உங்களோடதுதானே?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் வெசல். வேறு என்ன சொல்வது?

ஓல்டர் அடுத்த ரயிலுக்குக் கிளம்பினார். வெசல் போகவில்லை. ட்ரீனா கையில் ஊசிப்பெட்டியோடு வந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் சிரித்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"தெரியுதா இப்ப?" என்று வெசல் கேட்டார். வெளிச்சத்துக்காக வாசல்பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"முன்னால ரெண்டு வரிசைக்குத் தெரியும். விளக்குப் புகையில போதகர் இருமறார். இருமல்ல பாதி வார்த்தை போயிடுது."

"பின்னால?"

"பின்னால இருக்கறவங்க ஜெபம் பண்றாங்க. பிரசங்கம் சீக்கிரம் முடியணும்னு."

வெசல் ஷூர்மனின் அறைக்குப் போனார். அடைத்த இரண்டு ஜன்னல்களையாவது திறக்கும்படி கேட்டார். ஷூர்மன் பதறினார். பிரதிஷ்டை ஆன சுவரில் கைவைக்க மன்றத்தைக் கேட்க வேண்டும் என்றார். வெசல் மன்றத்துக்குப் போனார். அங்கே புதிதாக உட்கார்ந்திருந்தவர், பள்ளித் தலைவர் கேட்டால் பரிசீலிக்கலாம் என்றார். வெசல் திரும்ப எஷன்டால் போனார். அடுத்த வசந்தத்திலும் போனார், அதற்கடுத்த வசந்தத்திலும் போனார். "அவங்க உன்னைப் பாத்தாலே பின்வாசல் வழியா ஓடறாங்களாம். நல்லா ஓடவிடு" என்று அடல்ஹைட் வழிக்கு ரொட்டியும் சாசேஜும் கட்டிக் கொடுத்தாள்.

கடைசியில் ஷூர்மன் அலுத்துப்போனார். ஒரே ஒரு ஜன்னலைத் திறக்கலாம், அதுவும் மேற்பாகத்தைக் கூர்வளைவாக மாற்றினால் மட்டும் என்றார். வெசல் அங்கேயே, அவர் மேஜைமேலேயே வரைந்தார். அந்த நாட்டில் அதை அவரைவிட நன்றாக வரைய யாரும் இல்லை.

அக்டோபரில் செங்கலை எடுத்தார்கள். அந்த ஞாயிறு வெசல் போய் ட்ரீனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளிச்சம் சாய்வாக வந்து போதகரின் ஒரு கன்னத்தில் விழுந்தது. ஆராதனை முடிந்ததும் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பாதி வாய் நல்லாத் தெரியுது" என்றாள்.

வெசல் கோட்டை மாட்டிக்கொண்டு, அடுத்த ஜன்னலைப் பற்றிப் பேச ஷூர்மனைத் தேடிப் போனார். ஷூர்மன் வீட்டில் இல்லை என்றார்கள்.